ஏணியில் ஒரு கை, கத்தியில் ஒரு கை: பந்தல் வேலைக்கு எந்த மடக்குக் கத்தி?

அக்கா மகன் சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவையை முடித்துவிட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. படிப்பைத் தொடங்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அதுவரை உங்களோடு அலங்கார வேலைக்கு வருகிறேன் என்று என்னோடு சேர்ந்துகொண்டான். இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டான்: "மாமா, சொந்தமா ஒரு கத்தி வாங்கணும். நீங்க வச்சிருக்கிறதையே வாங்கிடவா?"

சரி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவன் இடதுகைக்காரன். பொருளைத் துடைத்து வைக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. இனிமேல் என்னைவிட அதிக நேரம் ஏணி மேல் நிற்கப் போகிறவனும் அவன்தான். என் கருவிப் பெட்டியில் நான்கு மடக்குக் கத்திகள் இருக்கின்றன: அமெரிக்காவின் பக் 110, பிரான்சின் ஓபினெல் 8ஆம் எண், கோல்டு ஸ்டீல் ரீகான் 1, ஸ்பைடர்கோ பசிபிக் சால்ட். நான்கையும் வருடக்கணக்கில் வேலையில் போட்டுப் புழங்கியிருக்கிறேன். நான்கும் நல்ல கத்திகள். ஆனால் நான்கும் ஒரே வேலைக்கு ஆனவை இல்லை.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாண மண்டபம், கோவில் விழா, குடியிருப்புப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் காதுகுத்து, இதெல்லாம் எங்கள் களம். நைலான் கயிறு அறுக்க வேண்டும். கேபிள் டை வாலை நறுக்க வேண்டும். பூ வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரிக்க வேண்டும். தரைக் கம்பளம், தார்ப்பாய், கரும்புக் கட்டு, குருத்தோலைத் தோரணம் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் மேலாக வாழைமரம். ஜொகூர் பக்கமிருந்து லாரியில் வந்து இறங்கிய ஈர மரத்தை விடியற்காலை நாலு மணிக்குத் தூணோடு சேர்த்துக் கட்டி, தொங்கும் சருகையும் மட்டையையும் சீவிவிட வேண்டும். வாழைக்கறை சட்டையில் பட்டால் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே பால் கத்தியின் பூட்டுக்குள் இறங்கிக் காய்ந்தால் என்ன ஆகும் என்பது, பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்குத் தெரியும். என் வலது கைச் சுட்டுவிரலின் நடுக்கணுவில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால், எந்தக் கம்பெனி என்றுகூட எழுதியிராத ஒரு மலிவான கத்தி வைத்திருந்தேன். உள்ளே ஒரு மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும் வகை. லைனர் லாக் என்பார்கள். பார்க்கப் பெரிய கத்தி, தடித்த அலகு, கையில் எடுத்தால் கனம். வாழை மட்டையில் முனை குத்தி மாட்டிக்கொண்டது. மேலும் கீழும் ஆட்டி இழுத்தேன். ஆட்டும்போது அலகின் முதுகில் விசை விழுந்தது, பூட்டு நழுவியது, அலகு விரல் மேல் மடங்கியது. நாலு தையல். கட்டுப் போட்ட கையோடு அன்றிரவு அந்தக் கத்தியைக் கழற்றிப் பார்த்தேன். தகடு வந்து உட்கார வேண்டிய இடத்தில் பழுப்பாக வாழைப்பால் காய்ந்து படிந்திருந்தது. அதில் நூல் கனத்துக்கு ஒரு நார் ஒட்டியிருந்தது. அந்த நாரின் தயவில் தகடு பாதிகூட உள்ளே போகாமல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அதை நம்பி இழுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து மடக்குக் கத்தியைக் கையில் எடுத்தால் முதலில் பூட்டைத்தான் பார்க்கிறேன். தடித்த அலகையும் கனமான பிடியையும் காட்டி 'ஹெவி டியூட்டி' என்று விற்கிறார்கள். அலகு மடங்கும் இடத்தில் பிடிமானம் இல்லையென்றால் அந்தத் தடிமனுக்கு வேலையே இல்லை. நான்கு கத்திகளையும் நான் நிறுத்துப் பார்ப்பது இந்தத் தராசில்தான்.

பக் 110 அப்பாவுடையது. 80களின் தொடக்கத்தில் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் பேரம் பேசி வாங்கினாராம். அந்தச் சந்தையே 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. 1986 முதல் பக் நிறுவனம் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டைக் காட்டும் ஒரு சிறு குறியைப் பொறிக்கிறது. அப்பாவின் கத்தியில் அது இல்லை, ஆகவே அவர் சொன்ன கணக்கு சரிதான். 1964இல் அறிமுகமான கத்தி இது. 9.5 சென்டிமீட்டர் அலகு, இரு முனையிலும் பித்தளை, நடுவில் கரிய மரம், எடை 200 கிராம். வேட்டைக்காரர்களுக்காகச் செய்தது, மடக்குக் கத்தியையும் மடங்காத உறைக்கத்தியைப் போல நம்பலாம் என்று ஒரு தலைமுறைக்கே காட்டியது இதுதான்.

இதன் பூட்டு முதுகில் இருக்கிறது. பிடியின் முதுகோரமாக ஓடும் எஃகுப் பட்டை நடுவில் ஓர் ஆணியில் ஏற்ற இறக்கப் பலகை (சீசா) போல் நிற்கும். அதன் முன்பல் அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் விழும், பின்னாலிருந்து ஒரு வில் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். திறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்காமல் எதையும் வெட்ட மாட்டார். சத்தம் மந்தமாக வந்தால் பள்ளத்தில் ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். உடனே ஒரு குச்சியால் நோண்டி எடுப்பார். சிறுவயதில் அது ஒரு பழக்கதோஷம் என்று நினைத்திருந்தேன். தையல் போட்ட பிறகுதான் புரிந்தது.

இப்போது வரும் 110இல் 420ஹெச்சி எஃகு. சாணைக்கல்லில் பத்து நிமிடம் தேய்த்தால் கூர் திரும்பிவிடும், அது பெரிய வசதி. ஆனால் அலகின் கீறலில் நகத்தை விட்டுத் திறக்க இரண்டு கையும் வேண்டும். அப்புறம் நம் ஊர்க் காற்று. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 82 விழுக்காடு. தோல் உறையை மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் காட்டாவிட்டால் பூஞ்சை பூத்துவிடும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். அதைக் கத்தியின் குறை என்று சொல்ல மாட்டேன். வறண்ட மலைக்காட்டுக்குச் செய்த பொருளைக் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறோம். இந்தக் கத்தியை நான் வேலைக்கு எடுத்துப் போவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, அப்பா திதியன்று, வாழையிலை நறுக்க எடுப்பேன்.

ஓபினெல் முற்றிலும் வேறு சாதி. 1890இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் தொடங்கியது. பீச் (beech) மரப்பிடி, 8.5 சென்டிமீட்டர் அலகு, எடை 50 கிராம் அளவுதான். கழுத்தில் ஒரு உலோக வளையம். திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். 1955இல் சேர்த்த எளிய ஏற்பாடு. இந்த வளையத்தில் எனக்குப் பிடித்தது, பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேரே தெரியும். ஒளிந்திருக்கும் பள்ளம், உள்ளே சிக்கிய நார் என்ற பேச்சே இல்லை.

என்னிடம் இருப்பது கார்பன் எஃகு. வாழையிலையின் நடுநரம்பை முதுகுப்பக்கம் சீவி இலையைத் தட்டையாக்க இதைப் போல் வேறு கத்தி இல்லை. அலகு அவ்வளவு மெல்லியது, வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கும். எலுமிச்சம்பழமும் வாழைப்பாலும் பட்டுப் பட்டு அலகு நீலமும் கறுப்புமாகப் படிந்துவிட்டது. அந்தப் படிவு செந்துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். ஆனால் மழையில் நனைந்து ஈரத்தோடு மடக்கி வைத்தால் மறுநாள் செந்துருப் புள்ளி நிச்சயம். மரமும் ஈரம் குடித்தால் உப்பும். அலகு உள்ளே இறுகி விரலுக்கு வராது. அதற்குச் சவோய்க்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பிடியின் அடிமுனையை மேசையில் தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும், பிறகு இழுத்துக்கொள்ளலாம். மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து இலை, பூ, குருத்தோலை நறுக்குகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். மற்ற மூன்றில் எதன் விலைக்கும் இரண்டு மூன்று ஓபினெல் வாங்கிவிடலாம். கயிற்று வேலைக்கும் ஏணிக்கும் இது இல்லை.

ரீகான் 1தான் மருமகன் கண் வைத்த கத்தி. பத்து சென்டிமீட்டர் அலகு, கறுப்புப் பூச்சு, 150 கிராம் அளவு. இதன் பூட்டுக்கு டிரை-ஆட் என்று பெயர், ஆண்ட்ரூ டெம்கோ என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் வடிவமைத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அப்பாவின் கத்தியில் இருக்கும் அதே முதுகுப் பூட்டு. வித்தியாசம் ஒரு சின்ன எஃகு முளையில் இருக்கிறது. சாதாரண முதுகுப் பூட்டில் அலகின் மேல் விழும் அடியெல்லாம் பட்டையின் பல்லுக்கும், பட்டையைத் தாங்கும் ஆணிக்கும் போகும். நாள்பட நாள்பட ஆணி தளர்ந்து அலகு மேலும் கீழும் ஆடத் தொடங்கும். டிரை-ஆடில் அலகுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு தடித்த முளையைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார்கள். அடி முளையில் விழுந்து பிடியின் உடம்புக்குள் போய்விடுகிறது. பட்டையின் ஆணித்துளையைக் கொஞ்சம் நீளவாக்கில் விட்டிருப்பதால், பல் தேயத் தேயப் பட்டை தானே முன்னால் நகர்ந்து இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. ஒன்பது வருடம் ஆகிறது. என் கத்தியின் முனையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், மயிரிழை ஆட்டம் இல்லை.

அதற்காக நான் இதை நம்பி எதையும் நெம்புவதில்லை. தண்டை வெட்ட அரிவாள் இருக்கிறது, ஆணி பிடுங்கச் சுத்தியல் இருக்கிறது. எந்த மடக்குக் கத்தியானாலும் நடுவில் ஒரு மூட்டு இருக்கத்தான் செய்யும். ஆனால் ஏணி மேல், தலைக்கு மேலே இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்க் கயிற்றை அறுக்கும்போது, கயிறு பட்டென்று விடும் அந்த நொடியில் கத்தி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. அலகின் முதுகு இரும்புக் குழாயில் போய் இடிக்கும். அப்படி எத்தனையோ முறை இடித்திருக்கிறது. விரல் பத்திரமாக இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இது என் இடுப்பில் இருக்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. புதிதாக வாங்கியபோது பூட்டை அழுத்தி மடக்கவே கட்டைவிரல் வலிக்கும். ஒரு மாதம் பழக வேண்டும். பிடியின் ஜி10 நாரிழைத் தகடு உப்புத்தாள் போல் சொரசொரப்பு; ஈரக் கையில் நழுவாது, ஆனால் பேண்ட் பையின் ஓரத்தை அரம் போல் தேய்க்கும். பையில் மாட்டும் கிளிப்புக்குக் கீழே மட்டும் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிக்கொள்வது நல்லது. என்னுடையது பழைய ஆஸ்-8ஏ எஃகு, சாணைக்கல்லுக்குச் சுலபமாக வளையும். பின்னால் வந்தவற்றில் எஸ்35விஎன் எஃகு. கூர் நெடுநாள் நிற்கும், மழுங்கினால் சாதாரணக் கல் போதாது, வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். இன்னொன்று, கல்யாண வீட்டில் இதை விரித்தால் பெரியவர்கள் முகம் மாறும். முகூர்த்தக்கால் நடும் இடத்தில் கறுப்பாக ஒரு கத்தியை யாருக்குத்தான் பார்க்கப் பிடிக்கும்? நான் திரும்பி நின்று வெட்டிவிட்டு மடக்கிவிடுவேன்.

நான்காவது, மஞ்சள் பிடி போட்ட பசிபிக் சால்ட். ஜப்பானின் செக்கி நகரில் செய்தது. மீன்பிடிப்பவர்களையும் கடலில் வேலை செய்பவர்களையும் மனதில் வைத்து உருவானது. சாதாரணக் கத்தி எஃகுக்குக் கடினம் தருவது கார்பன். இதன் ஹெச்1 எஃகில் கார்பனை மிகவும் குறைத்து நைட்ரஜனைச் சேர்த்திருக்கிறார்கள், அதனால் கடல்தண்ணீர் பட்டாலும் துருப்பிடிப்பதில்லை. சால்ட் வரிசையில் பிறகு வந்த எல்சி200என் எஃகும் நைட்ரஜன் சேர்த்ததுதான். ஒருமுறை இதைப் பூக்குப்பையோடு சேர்த்து ஈரச் சாக்கில் போட்டுவிட்டேன். ஐந்து நாள் கழித்து நாற்றத்தோடு வெளியே வந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன், வாங்கிய நாள் போல் இருந்தது. அந்தச் சாக்குக்குள் அது கண்ணில் பட்டதே மஞ்சள் நிறத்தால்தான். வாழைச்சருகுக் குவியலில் கறுப்புக் கத்தி விழுந்தால் தேடி மாளாது.

எடை 100 கிராமுக்குள். அலகில் கட்டைவிரல் நுழையும் வட்டத் துளை. ஸ்பைடர்கோ 1981இல் கொண்டுவந்த முதல் மடக்குக் கத்தியிலிருந்தே அவர்களுடைய அடையாளம் அது. பூட்டு பழைய முதுகுப் பூட்டுதான், டிரை-ஆடின் முரட்டுத்தனம் இதற்குக் கிடையாது. பல் இல்லாத ஹெச்1 வெட்டுவாயில் கூர் சீக்கிரம் போகும் என்பதும் உண்மை. ரம்பம் போல் பல் வைத்த வெட்டுவாய் வாங்கினால் கூர் வெகுநாள் நிற்கும், நைலான் கயிற்றைக் கண்டால் பறக்கும். ஆனால் அதே பல் வாழையிலையைக் கிழித்துவிடும், தீட்டுவதற்கும் கூம்புக் கம்பி வேண்டும்.

ஆடி பிறந்து கல்யாண வேலை குறைந்ததும், கிடங்கு வாசலில் உட்கார்ந்து மாமனும் மருமகனும் ஒரே நைலான் கயிற்றுச் சுருளை நான்கு கத்தியாலும் நறுக்கிப் பார்த்தோம். கயிற்றில் முதல் இடம் சால்டின் பற்களுக்கு, அதில் சந்தேகமே இல்லை. கயிறு நசுங்கக்கூட நேரமில்லை. ரீகான் அடுத்து, நீள அலகு, ஒரே இழுப்பு. ஓபினெல் முதல் சில துண்டுகளில் ரீகானை முந்தியது, பிறகு நைலான் அதன் மெல்லிய வெட்டுவாயைத் தின்றுவிட்டது. அட்டைப்பெட்டியில் கதை மாறியது. அங்கே ஓபினெல் ராஜா, சால்டின் பற்கள் அட்டையைப் பிய்த்தன. அப்பாவின் பக்கை அவன்தான் எடுத்தான். இரண்டு துண்டு வெட்டிவிட்டு, துடைத்து, உறையில் வைத்துவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளதைச் சொல்வதென்றால், அட்டைப்பெட்டி, கேபிள் டை, கம்பளம் மூன்றுக்கும் இந்த நான்குமே வேண்டாம். ஒடித்துப் போடும் பிளேடு வைத்த அகலக் கட்டர் போதும். 1956இல் ஜப்பானில் ஒகாடா யோஷியோ கண்டுபிடித்தது. சாக்லேட் கட்டியைக் கோட்டில் ஒடிப்பது போல மழுங்கிய முனையை ஒடித்துவிடலாம் என்பதே அவருக்குத் தோன்றிய யோசனை. பாதி வேலையை அதில் முடித்தால் நல்ல கத்தியின் கூர் மிச்சமாகும்.

வாங்குவதற்கு முன் இதையும் மனதில் வைக்க வேண்டும். இந்த ஊரில் பொது இடத்தில் தகுந்த காரணமில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் உண்டு. பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தி, பட்டாம்பூச்சிக் கத்தி பற்றிய பேச்சே வேண்டாம். நம் கத்தி வேலைக் கருவிதான், ஆனால் அது வேலையோடு இருக்கும்வரைதான். எங்கள் ஆட்களுக்கு நான் வைத்திருக்கும் முறை: கத்தி கருவிப் பெட்டியில், பெட்டி லாரியில், பெட்டிக்குள் கயிறும் கட்டரும் மற்ற சாமானும் கூடவே. இடுப்பில் மாட்டுவது வேலை நடக்கும் இடத்தில் மட்டும். வேலை முடிந்து எம்.ஆர்.டி. ரயிலில் வீட்டுக்குப் போகிறவன் பையில் கத்தி இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போகும்போதும் கூடாது.

இனி மருமகன் விஷயம். ஏணி என்றதும் பக்கும் ஓபினெலும் விலகிவிட்டன. ஒரு கை ஏணியைப் பிடித்திருக்கும்போது இரண்டு கை கேட்கும் கத்தியால் பயனில்லை. மிச்சம் ரீகானும் சால்டும். இரண்டும் முதுகுப் பூட்டு, இடதுகைக்கும் வலதுகைக்கும் ஒரே மாதிரி. கிளிப்பையும் மறுபக்கம் மாற்றிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் எனக்கு ரீகான்தான், அதை மாற்றப் போவதில்லை. தலைக்கு மேல் இறுகிய கயிற்றை அறுப்பது இன்னும் சில வருடம் என் வேலையாகவே இருக்கட்டும். அவன் செய்யப்போவது தோரணக் கயிறும் பூச்சரமும் வாழைமரக் கட்டும். மழையில் நனைவான், துடைக்க மறப்பான், கீழே போடுவான். அவனுக்கு மஞ்சள் கத்தி. கயிறுதான் அதிகம் என்பதால் பல் வைத்த வெட்டுவாய், இலைக்கு என் ஓபினெலை எடுத்துக்கொள்ளட்டும்.

சொன்னபோது முகம் கொஞ்சம் வாடியது. கறுப்புக் கத்தியின் மேல் ஆசை. சனிக்கிழமை கடையில் சால்டைக் கையில் வாங்கி, இடது கட்டைவிரலை அந்த வட்டத் துளையில் வைத்துத் தள்ளினான். 'டக்'. மடக்கினான், மறுபடி திறந்தான். நாலைந்து முறை. "எடுத்துக்கலாம் மாமா" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்து அவன் பெட்டியில் போட்டேன். "இது எதுக்கு?" என்று கேட்டான். கத்தியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்து, பூட்டின் பல் விழும் அந்தச் சின்னப் பள்ளத்தைக் காட்டினேன். பிறகு என் சுட்டுவிரலைக் காட்டினேன்.